எதை வீசி எறிவது? 50 நானோ நொடியில் ஒரு முடிவு

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். மேலே, செர்ன் என்ற துகள் ஆராய்ச்சிக் கூடத்தின் வளாகத்தில் நிற்கும் நடராசர் படம். கீழே, அங்கே செயற்கை நுண்ணறிவு வேறு உலகத்துக்குக் கதவு திறக்கிறது, எல்லாரும் வீட்டில் விளக்கேற்றி வையுங்கள் என்று ஒரு மிரட்டல். அவர் அதை நம்பவில்லை. கேட்டது வேறு: “அண்ணே, கதவு கிடக்கட்டும். துகள் மோதல்களில் பெரும்பாலானதைக் கம்ப்யூட்டரே குப்பையில் போட்டுவிடுகிறதாம், என் மகன் சொல்கிறான். புதுசு ஏதாவது அந்தக் குப்பையோடு போயிருந்தால்?”

அந்தச் சிலை 2004இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. அதற்கு மேல் அதில் மர்மம் இல்லை. டர்பன் விளக்குக் கம்பங்களில் ‘பிரிந்த காதல் திரும்பும், 24 மணி நேரத்தில்’ என்று ஒட்டும் துண்டறிக்கைக்கும் இந்த வாட்ஸ்அப் செய்திக்கும் நான் வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் மகனின் பேச்சு உண்மை.

ஜெனீவா அருகே உள்ள செர்னில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான் கற்றைகள் நொடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. ஒவ்வொரு கடப்பிலும் பல மோதல்கள். மோதல்களைக் கவனிக்கும் கருவி எடுக்கும் பதிவு கடப்பு ஒன்றுக்குச் சுமார் 1 மெகாபைட். பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 40 டெராபைட். இதைச் சேமிக்க உலகத்தில் வட்டுகள் போதாது. அதனால் முதல் வடிகட்டி நொடிக்குச் சுமார் 1 லட்சம் கடப்புகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. அப்புறம் ஒரு கணினிக் கூட்டம் அதையும் சில ஆயிரமாகக் குறைக்கிறது. மற்றதெல்லாம் போனது போனதுதான்.

என் தாத்தா டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது ஊரே கூடையோடு ஓடிவரும். வலைக்கண்ணின் அளவை அவர்தான் முடிவு செய்வார். கண்ணைவிடச் சிறிய மீன் நழுவிப்போகும், அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. செர்னின் பழைய வடிகட்டியும் அப்படித்தான். அதிக ஆற்றலுள்ள மியூவான் (எலக்ட்ரானின் கனத்த உறவினர்) இருந்தால் வை, பெரிய துகள்தாரை (ஒரே திசையில் பாயும் துகள் கூட்டம்) இருந்தால் வை, இல்லையென்றால் விடு. எந்த மீன் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு இது போதும். பெயரே தெரியாத மீனுக்கு எந்த அளவில் கண் வைப்பது?

என்னை மயக்கியது இந்த இடம்தான். அந்த வளையத்தில் உள்ள சிஎம்எஸ் என்ற கருவியில் 2024இல் ஆக்சோலாட்டில் என்றொரு நரம்பு வலையமைப்பை, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் நிரலை, வேலைக்கு அமர்த்தினார்கள். ஒரு நீர்வாழ் உயிரியின் பெயரை வைத்துச் செய்த சொல்விளையாட்டு. இதற்கு எந்தப் புதுத் துகளின் அடையாளமும் சொல்லிக்கொடுக்கவில்லை. வடிகட்டாமல் கண்மூடி எடுத்த சாதாரண மோதல்களைத்தான் காட்டினார்கள். பயிற்சி எப்படி? ஒரு மோதலை 57 எண்களாகத் தருகிறார்கள்: எலக்ட்ரான்கள், மியூவான்கள், துகள்தாரைகள், காணாமல் போன ஆற்றல் ஆகியவற்றின் அளவும் திசையும். அந்த 57ஐ ஒரு சில எண்களாக நசுக்க வேண்டும். பிறகு அந்தச் சில எண்களிலிருந்தே பழைய 57ஐத் திரும்ப வரைய வேண்டும். சரியாக வரையாவிட்டால் தண்டனை. இப்படிப் பலமுறை செய்தால், வழக்கமான மோதல் எப்படி இருக்கும் என்பது அதற்கு அத்துப்படியாகிவிடும்.

இப்போது வேடிக்கை. பயிற்சி முடிந்ததும் திரும்ப வரையும் பாதியை வெட்டி எறிந்துவிடுகிறார்கள்! நசுக்கும் பாதி மட்டும் மின்னணுச் சில்லில் ஏறுகிறது. ஏனென்றால் நசுக்கிய எண்கள் பூச்சியத்தின் பக்கத்தில் குவியும்படி ஏற்கெனவே பழக்கியிருக்கிறார்கள். சாதாரண மோதல் பூச்சியத்தை ஒட்டி விழும், வினோதமானது தள்ளிப்போய் விழும். அந்த எண்களின் வர்க்கத்தைக் கூட்டினால் தூரம் கிடைத்துவிடும். தூரம் அதிகமா, வை. எவ்வளவு தூரம் ‘அதிகம்’ என்பதற்குப் பின்னால் ஆழ்ந்த தத்துவம் எதுவும் இல்லை. நொடிக்கு இத்தனை கடப்புகளுக்குத்தான் இடம் என்றால், கோடு அங்கே விழும்.

இந்தக் கணக்கு முழுக்க முடிய ஆகும் நேரம் சுமார் 50 நானோ நொடி. நொடியை நூறு கோடியாகக் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோ நொடி. கண்ணிமைப்பது இதோடு ஒப்பிட்டால் ஒரு யுகம். கரையிலிருந்து லாரி வரை ஆட்கள் வரிசையாக நின்று மீன்பெட்டி கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பெட்டி லாரியை அடையும் முன்பே அடுத்த பெட்டி கையில் வந்துவிடும். சில்லும் அப்படித்தான். ஒவ்வொரு பெருக்கலுக்கும் தனிச் சுற்று, யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 25 நானோ நொடிக்கு ஒரு புது மோதல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். இடம் குறைவு என்பதால் தசம எண்களின் வாலை நறுக்கி, சில பிட்டுகளுக்குள் அடக்குகிறார்கள். நறுக்கும்போது தவறு நடக்கலாம். அதனால் சில்லைப் போலவே நடிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதி, இரண்டின் விடையும் ஒவ்வொரு பிட்டாக ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு பிட் பிசகினால் எதை எறிந்தோம் என்றே தெரியாமல் போய்விடும். நொபெல் மேடையில் இந்த வேலைக்கு நாற்காலி கிடையாது. எனக்கென்னவோ இவர்கள்தான் நாயகர்கள்.

நம் நாட்டுக்கு இதில் பங்கு இல்லையா? உண்டு, ஆனால் அதே வளையத்தின் வேறொரு கருவியில். 2008 முதல் தென்னாப்பிரிக்கா செர்னோடு முறையாக இணைந்து வேலை செய்கிறது. அட்லஸ் என்ற அந்தக் கருவியில், ஓடுகளை அடுக்கிச் செய்த, துகள்களின் ஆற்றலை அளக்கும் கலோரிமானிக்கு ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பலகைகளைச் செய்கிறார்கள். கேப் டவுன் பக்கத்து இதெம்பா லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில், துகள்களைச் சுழற்றி வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் இருக்கிறது. ‘இதெம்பா’ என்றால் நம்பிக்கை என்று பக்கத்து வீட்டு ஜூலு அம்மா சொல்வார். இத்தனை பசி இருக்கும் நாட்டில் இதற்கு ஏன் காசு என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் படித்த பிள்ளைகள் கடைசியில் வங்கிக்குத்தானே மென்பொருள் எழுதப் போகிறார்கள் என்பார்கள். போகட்டுமே. வங்கிக்காவது பிட் பிட்டாகச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பாரே!

சரி, வாசகியின் கேள்வி. புதுசு ஏதாவது குப்பையோடு போயிருக்குமா? போயிருக்கலாம். அந்தச் சில்லும் ‘இதோ புதுத் துகள்’ என்று சொல்வதில்லை, ‘இது வழக்கமில்லை’ என்று ஓரமாக வைக்கிறது, அவ்வளவுதான். தாத்தாவும் வலையில் வினோதமாக ஏதாவது கிடைத்தால் தனி வாளியில் போடுவார். சாயங்காலம் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் அது தெரிந்த மீன்தான், வாலை வேறு ஏதோ கடித்துவிட்டிருக்கும்.