பெயர் வைக்காத மழையையும் கவனியுங்கள்

கார்த்திகை நெருங்கினால் காவிரி டெல்டா விவசாயிகளிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி, "சார், புயல் ஏதும் வருதா?" என்பதுதான். இல்லை என்றால் நிம்மதியாக வைத்துவிடுவார்கள். பயிருக்கு வானிலை ஆலோசனை சொல்வதையே வேலையாக வைத்திருக்கும் எனக்கு அந்த நிம்மதிதான் கவலை.

2022 நவம்பர் 11 அன்று புயல் எதுவும் இல்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 செ.மீ. மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கும் சேர்த்தே தமிழ்நாட்டின் சராசரி ஏறக்குறைய அவ்வளவுதான்.

2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கம் வந்து வலுவிழந்தது. டிவியில் 'வலுவிழந்தது' என்று ஓடியதும் பலர் மறந்துவிட்டார்கள். அது நகராமல் அங்கேயே நின்றது. கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் கடலில் உருவான காற்றழுத்தச் சின்னத்துக்குப் புயல் என்று பெயர். கணக்கெல்லாம் காற்றை வைத்துத்தான், மழையை வைத்து இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகள் சாய்ந்தது காற்றால். ஆகவே தென்னை, வாழை வைத்திருப்பவர்கள் வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். சம்பா, தாளடி நெல் நட்டவர்கள் அந்தச் சின்னம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எத்தனை நாள் நிற்கும் என்று பாருங்கள். அதற்குப் பெயர் வைத்தார்களா என்பது நெல்லுக்குத் தேவையில்லாத விஷயம்.

சரி, அறிக்கையை எப்படிப் படிப்பது? 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை' என்று வந்தால், மழைமானிகள் இருக்கும் இடங்களில் கால்வாசிக்குள்தான் அப்படிப் பெய்யக்கூடும் என்று அர்த்தம். உங்கள் ஊரில் தூறலோடு போய்விட்டால் அறிக்கை பொய்யாகிவிடாது. பக்கத்து ஒன்றியத்தில் கொட்டியிருக்கும். 'பெரும்பாலான இடங்களில்' என்பது முக்கால்வாசிக்கு மேல். அந்த வார்த்தையைப் பார்த்தால் நம் ஊரும் அதில் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவிலும் வித்தியாசம் உண்டு. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 செ.மீ. தொட்டால் கனமழை, 11.5 தாண்டினால் மிக கனமழை, 20.5 செ.மீ. அளவை எட்டினால் அதி கனமழை. எச்சரிக்கைக்கு நிறமும் உண்டு. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். ஆனால் வயலுக்கு, சிவப்பு வந்த பிறகு செய்ய அதிகம் இருக்காது. வயல் தண்ணீர் வெளியேறும் வடிமடையைத் திறப்பது, வாய்க்காலில் அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுவது எல்லாம் மஞ்சளிலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை என்றால் நாலு லட்சம் லிட்டர் தண்ணீர். நம் டெல்டா மேட்டு நிலம் இல்லை, சரிவே தெரியாத சமவெளி. நாகை, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை மாதிரியான, ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதிகளில் உங்கள் வயலில் விழும் மழையை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் பெய்ததும் வடிகால் ஆறுகள் வழியாக இந்தப் பக்கம்தான் வரும். மேலே மழை விட்ட பிறகும் கீழே தண்ணீர் ஏறுவது இதனால்தான். அப்புறம் கடல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் நீர்மட்ட ஏற்றம் அதிகமாக இருக்கும். கூடவே கடலிலிருந்து கரை நோக்கிக் காற்றும் அடித்தால் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் இறங்காது. எனவே அறிக்கையோடு வீட்டுக் காலண்டரையும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல், விடியற்காலையில்தான் வலுக்கும். சாயங்காலம் வானம் வெளுத்திருக்கிறதே என்று யூரியாவைத் தூவிவிட்டு வருபவர்கள் உண்டு. காலையில் உரம் வடிகாலில் போயிருக்கும். ஆரஞ்சு எச்சரிக்கை முடியும்வரை மேலுரத்தைத் தள்ளிப் போடுங்கள், பயிர் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. மூழ்கிய பயிருக்கும் முதலில் தண்ணீர் வடிய வேண்டும். அதன் பிறகு வேளாண் துறை வழக்கமாகச் சொல்வது ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது. தேங்கிய தண்ணீரில் உரத்தைக் கொட்டுவது காசைக் கொட்டுவதுதான்.

வாட்ஸ்அப்பில் பத்து நாள் கழித்து வரப்போகும் புயலுக்குச் சிவப்பும் ஊதாவுமாக வரைபடம் வருகிறதே, அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது ஒரே ஒரு வானிலைக் கணினி மாடல் ஒரு வேளைக்குச் சொன்ன கணிப்பு. அடுத்த வேளை அதுவே வேறு கரையைக் காட்டும். நான் வயல் வேலையை ஐந்து நாள் முன்னறிவிப்பை வைத்துத்தான் திட்டமிடச் சொல்வேன். அதற்கு அப்பால் மழை கூடுமா குறையுமா என்ற போக்கு மட்டும் தெரிந்தால் போதும். அதை இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமைதோறும் வெளியிடுகிறது. பயிருக்கான ஆலோசனை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும், மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம்.

பயிர்க் காப்பீட்டை மட்டும் வானத்தைப் பார்த்துத் தள்ளிப் போடாதீர்கள். சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. சில வருடம் நீட்டித்தார்கள், எல்லா வருடமும் நீட்டிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. கடைசி வாரத்தில் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று) வாங்க கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) அலுவலகத்தில் கூட்டம் நிற்கும், மழையும் அதே வாரத்தில் பிடித்துக்கொள்ளும். நட்ட கையோடு அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள்.