"பதிவேடு இல்லை" என்ற பதிலைப் பிரமாணப் பத்திரமாகக் கேளுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். நிறவெறி ஆட்சி அறிவித்த 1986 நெருக்கடி நிலையின்போது இராணுவத்தினர் பிடித்துச் சென்ற அவருடைய தம்பி, ஒரு காது கேளாதவராகத் திரும்பி வந்து, விசாரணையில் நடந்ததை யாரிடமும் சொல்லாமலேயே இறந்துபோனார். அதைத் தெரிந்துகொள்ள அக்கா எழுதிக் கேட்டதற்கு ஓர் அரசு அலுவலகம் அனுப்பிய பதில், "பதிவேடுகள் இல்லை" என்ற ஒற்றை வரி.

அந்த வரி சட்டப்படி பதிலே ஆகாது. எங்கள் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பதிவேடு கிடைக்கவில்லை என்றால், அதை எங்கெங்கே எப்படித் தேடினார்கள் என்பதைத் தகவல் அதிகாரி பிரமாணப் பத்திரமாகவோ உறுதிமொழியாகவோ எழுதித் தர வேண்டும்.

1993இல் தேசியப் புலனாய்வுத் துறை சுமார் 44 டன் ஆவணங்களை எரித்தது உண்மைதான். ஆனால் ஒரு மனிதனை அடைத்து வைக்கும்போது, விசாரணைக் கோப்போடு காவலறைப் பதிவேடு, அன்றாட நிகழ்வுப் புத்தகம், மருத்துவரின் அட்டை, வண்டி ஓட்டக் குறிப்பு எனப் பல ஏடுகள் வெவ்வேறு கைகளில் உருவாகின்றன. அவை அனைத்தையும் ஒரே நாளில் அழிப்பது எளிதன்று. அவற்றில் மருத்துவக் குறிப்புக்கு எவ்வளவு வலிமை உண்டு என்று பாருங்கள்: 1985இல் போர்ட் எலிசபெத்தில் மாவட்ட மருத்துவராக இருந்த வெண்டி ஆர், கைதிகளின் காயங்களைப் பற்றிய மருத்துவச் சான்றுகளோடு நீதிமன்றம் சென்று, காவலர்களின் தாக்குதலுக்குத் தடையாணை பெற்றார். எங்கள் டர்பனில் 1977இல் பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில் இறந்த பல் மருத்துவர் ஹூசேன் ஹஃபெஜியின் உடலில் சுமார் 60 காயங்கள் இருந்தும், முதல் மரண விசாரணை அதைத் தற்கொலை என்றது. 2023இல் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது.

விடாமல் கேட்டால் பலன் உண்டு என்பதற்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. அமெரிக்க இராணுவம் வெளிநாடுகளில் அடைத்து வைத்தவர்களை நடத்திய விதம் குறித்து, அந்நாட்டுக் குடிமை உரிமை அமைப்புகள் 2003 அக்டோபரில் ஆவணங்களைக் கேட்டன; பிறகு வழக்கும் தொடுத்தன. அந்த வழக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வெளிவந்தன. அந்நாட்டு மத்தியப் புலனாய்வு முகமை (சி.ஐ.ஏ.) 92 விசாரணை ஒளிப்பதிவு நாடாக்களை அழித்திருந்ததையும் 2009இல் அதே வழக்கில்தான் அரசு எண்ணிக்கையோடு ஒப்புக்கொண்டது.

ஆகவே "என் தம்பியின் கோப்பு" என்று பொதுவாகக் கேட்காமல், ஒவ்வோர் ஏட்டையும் அதன் பெயர், இடம், தேதி குறிப்பிட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். அழிக்கப்பட்டது என்றால், அதற்குத் தேசிய ஆவணக் காப்பாளர் எழுத்தில் தந்த அனுமதியையும் கேளுங்கள். இறந்தவரின் நெருங்கிய உறவினர் என்பதற்கான சான்றைத் தொடக்கத்திலேயே இணைத்து விடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள்; பாதுகாப்புத் துறை போன்ற தேசியத் துறையானால் 60 நாளுக்குள் உள்மேல்முறையீடு செய்யலாம். நாட்களைக் கணக்கு வைத்துக்கொள்ளாமல் உரிமையை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அது என்னை இன்றும் வருத்துகிறது.

அக்காவுக்கு இரண்டாவது முறை வந்த உறையில் ஒரு பிரமாணப் பத்திரமும், மருத்துவர் பார்த்த கைதிகளின் பட்டியலில் ஒரு பக்கத்தின் நகலும் இருந்தன. தம்பியின் பெயருக்கு எதிரே "இடது செவி" என்று எழுதியிருந்தது.