பழைய சைக்கிளில் மோட்டார் மாட்டினால் சட்டம் என்ன சொல்கிறது?

தாத்தா காலத்து ராலேயோ, அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸோ வீட்டில் சும்மா நிற்கிறது. அதில் ஒரு மோட்டாரை மாட்டி ஓட்டலாம் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. மோட்டாரும் பொருத்தும் பாகங்களும் சேர்ந்த கிட் ஆன்லைனில் கிடைக்கிறது, மாட்டித்தர லேத் பட்டறைகளும் இருக்கின்றன. ஆனால் மாட்டிய பிறகு அது சைக்கிளா, மோட்டார் வாகனமா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் காசைப் போடாதீர்கள். உரிமம், பதிவு, காப்பீடு எல்லாமே இந்த விடையைப் பொறுத்துத்தான்.

முதலில் பெட்ரோல். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28)-இல் மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. நான்கு சக்கரங்களுக்குக் குறைவாகவும் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டி அந்த வரையறைக்குள் வராது. 35 சிசி வரை ஓட்டலாம் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். அது பழைய எல்லை. பிறகு 25 ஆகக் குறைத்துவிட்டார்கள். 25.4 சிசி என்றால்கூட எல்லை தாண்டியதுதான்.

சிக்கல் எங்கே என்றால், சைக்கிளுக்கென்று விற்கப்படும் டூ ஸ்ட்ரோக் கிட்களில் பெரும்பாலானவை 48, 49 சிசி. '80 சிசி' என்று விளம்பரம் செய்யப்படுபவை உண்மையில் 66 சிசி அளவில் இருக்கும். இவற்றில் எதை மாட்டினாலும் உங்கள் சைக்கிள் அந்த நொடியிலேயே மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பெடல் இருக்கிறதே என்ற வாதம் எடுபடாது. பெடலோடு வந்த மொபெட்டுகளையும் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்துதானே ஓட்டினோம்?

"சரி, நானும் பதிவு செய்துகொள்கிறேன்" என்றால், அதற்கு நடைமுறையில் வழியில்லை. பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. புது வண்டியைப் பதிவு செய்ய, விற்பனைச் சான்றான படிவம் 21 வேண்டும். வண்டி சாலைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22-உம் வேண்டும். அந்தத் தயாரிப்பாளரோ, மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி வண்டியின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்திடம் கொடுத்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ அப்படிப்பட்ட ஒரு நிறுவனம். வீட்டில் ஒற்றை வண்டி செய்கிறவருக்கு இது கட்டுப்படியாகாது. ஆசையோடு கைவேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு எளிய சோதனை முறை இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. இன்று அது இல்லை.

பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம் (பிரிவு 192). உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் (பிரிவு 181), காப்பீடு இல்லாவிட்டால் 2,000 ரூபாய் (பிரிவு 196). சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை விபத்துதான். பதிவில்லாத வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்காது. யாராவது அடிபட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை நீங்கள் கைக்காசில் கட்ட வேண்டிவரும்.

"என் சைக்கிள் 60 வருடப் பழசு, பழங்கால வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு வாங்கலாமே" என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-இல் வந்த விண்டேஜ் விதிகள் 50 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் வாகனங்களுக்கானவை. முதன்முதலில் பதிவான தேதியிலிருந்து ஆண்டுக் கணக்கு தொடங்கும். வண்டி பெரிய மாற்றமில்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். சைக்கிளுக்குப் பதிவே கிடையாது, மோட்டாரோ நேற்று மாட்டியது. ஆக, அந்த வழியும் இல்லை.

இனி மின்சாரம். ஆசை நிறைவேற நல்ல வழி இதுதான். மத்திய மோட்டார் வாகன விதி 2(u) சில நிபந்தனைகளை வைக்கிறது. அவற்றுக்கு உட்பட்ட இருசக்கர மின்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக, அதாவது 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். பேட்டரியை நீக்கிவிட்டு எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. தகுந்த பிரேக், முன்னால் ஒரு வெள்ளைப் பிரதிபலிப்பான், பின்னால் ஒரு சிவப்பு. பெடலுக்குத் துணையாக ஓடும் மோட்டாராக இருந்தால், வேகம் கூடக்கூட அதன் விசை குறைந்து, 25-ஐத் தொடும்போது நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்க வேண்டும். இவை பொருந்தினால் ஓட்டுநர் உரிமமோ நம்பர் பிளேட்டோ காப்பீடோ தேவையில்லை.

ஆனால் இந்த நிபந்தனைகளைச் சோதனை நிறுவனம் சரிபார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கடையில் முழுதாக விற்கும் மின்சைக்கிளுக்கு அந்தச் சான்று இருக்கலாம். நீங்கள் பழைய சைக்கிளில் மாட்டிய கிட்டுக்குத் தனிச் சான்று இருக்காது. எல்லைக்குள் இருக்கிற வண்டியைச் சாலையில் யாரும் நிறுத்திக் கேட்காமல் போகலாம். அதற்காக அது சான்று பெற்றதாகிவிடாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கிட் வாங்கும்போது 350, 500 வாட் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். வேண்டாம். 250 வாட்டுக்குள் உள்ள மோட்டாரை வாங்கி, அதை இயக்கும் கன்ட்ரோலரில் வேகத் தடையை எடுத்துவிடுவதும் வேண்டாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்காகச் செய்கிறீர்கள் என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. எல்லை தாண்டிய வண்டியைச் சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால், பிரிவு 199ஏ-இன்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு.

பழைய சைக்கிள் என்பதால் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ராடு பிரேக் மிதிவேகத்துக்கு வந்தது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மை அது சரியாகப் பிடிக்காது. மோட்டாரும் பேட்டரியும் ஏறினால் எடையும் கூடும். சக்கரத்தின் நடுவில் பொருத்தும் ஹப் மோட்டார் என்றால், அச்சு சுழன்று ஃபோர்க்கிலிருந்து கழன்று வராமல் இருக்க டார்க் ஆர்ம் என்ற பிடிப்புத் தகட்டைக் கட்டாயம் போடுங்கள். ஃபிரேமில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். நட்டு போல்ட்டில் நிற்கும் கிட்டாகப் பார்த்து வாங்கினால், நாளை வேண்டாமென்றால் கழற்றிவிட்டு அந்தச் சைக்கிளைப் பழையபடியே வைத்துக்கொள்ளலாம். பில்லில் மோட்டாரின் வாட் அளவை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அதன் ஒரு நகல் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்.