டோடோ: பட்டப்பெயரே பெயராகிப்போன பறவை

டோடோ, பெயர்ச்சொல். மொரீசியஸ் தீவில் மட்டும் வாழ்ந்து, 17-ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன, பறக்கத் தெரியாத பெரிய பறவை. இது புறாக் குடும்பம். 2002-இல் வெளியான மரபணு ஆய்வின்படி, இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் நம் நிக்கோபார் புறாதான்.

1598-இல் தீவில் இறங்கிய டச்சு மாலுமிகள் இதை 'வால்க்வோகல்' என்றார்கள். குமட்டும் பறவை என்று பொருள். வேக வைக்க வைக்கக் கறி முரடாகிக்கொண்டே போனதாம். அப்புறம் 'டோடார்ஸ்' வந்தது. அது டச்சுக்காரர்கள் தங்கள் ஊர் முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவைக்கு வைத்திருந்த பெயர். பின்புறத்தில் குஞ்சம் உள்ளது என்று சொல்லலாம். அச்சில் போடக் கூச்சமில்லாதவர்கள் இன்னும் பச்சையாகவே பெயர்ப்பார்கள். டோடோ இதன் குறுக்கம் என்பது ஒரு கட்சி. 'கிறுக்கு' என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லே மூலம் என்பது இன்னொரு கட்சி. எனக்கு முதலாவதுதான் ஒப்புகிறது. ஆனால் ஊர் வாயில் நின்றது கிறுக்கு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸும் 1766-இல் இதன் அறிவியல் பெயரில் 'இனெப்டஸ்', அதாவது 'எதற்கும் உதவாதது', என்று சேர்த்துவிட்டார்.

ஓவியங்களும் இந்தக் கேலிக்குத் துணைபோயின. ரூலாண்ட் சாவரி 1620-களில் வரைந்த தொப்பை டோடோதான் நம் மனதில் இருப்பது. 1865-இல் மொரீசியஸ் சதுப்பு நிலம் ஒன்றில் எலும்புகள் கிடைத்தபோது, ஆங்கிலேய உடற்கூறு அறிஞர் ரிச்சர்டு ஓவன் அவற்றைச் சாவரியின் ஓவிய வடிவத்துக்குள்ளேயே பொருத்திப் பார்த்தார். வந்தது ஒரு குந்திய உருவம். பிறகு அவரே திருத்தி, பறவையை நிமிர்த்தி நிறுத்தினார்.

அதே காலத்தில் இங்கே வரையப்பட்ட படம் வேறு மாதிரி. சுமார் 1625-இல் வரையப்பட்ட முகலாய ஓவியம் ஒன்று செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. ஜஹாங்கீர் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூருடையது என்று கருதப்படுகிறது. அதில் உள்ள டோடோ பழுப்பு நிறம், அவ்வளவு கொழுப்பும் இல்லை. சுற்றிலும் உள்ள வரித்தலை வாத்து போன்ற பறவைகள் அச்சு அசலாக இருப்பதால், நடுவில் நிற்பதையும் நம்பலாம். சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாகப் பீட்டர் மண்டி என்ற பயணியும் எழுதியிருக்கிறார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பறக்காத பறவை' என்பதில் ஒரு சிக்கல்: பறவை என்ற சொல்லே 'பற' என்ற வினையில் பிறந்தது. பழைய 'புள்' இருக்க நாம் ஏன் தடுமாற வேண்டும்? நியூசிலாந்தில் அற்றுப்போன மோவா, டோடோ என எல்லாவற்றுக்கும் பொதுவாகப் 'பறவாப் புள்' எனலாம். டோடோவுக்குத் தனியாகப் 'பறவாப் புறா' போதாது. பக்கத்து ரொட்ரீகஸ் தீவிலும் அப்படி ஒன்று வாழ்ந்து அழிந்திருக்கிறது. இன்றைய அறிவியல் பெயரில் உள்ள 'குகுல்லாட்டஸ்' முக்காடிட்டது என்று பொருள்படும். அதை வைத்து 'முக்காட்டுப் பறவாப் புறா' என்பது என் பரிந்துரை. 'மட்டிப்பறவை' வேண்டவே வேண்டாம்.

ட மொழிமுதலில் வராது என்பவர்கள் 'தோதோ' என்று எழுதலாம். டாக்டரும் டீயும் வந்து உட்கார்ந்துவிட்ட வீட்டில் டோடோவுக்கும் இடமிருக்கும் என்று நான் ட-வையே வைத்துக்கொள்கிறேன்.