வழக்குடைமை: மாடு ‘கேஸ் பிராப்பர்ட்டி’ ஆகும்போது

குற்ற வழக்கு ஒன்றில் போலீஸ் கைப்பற்றி, நீதிமன்றத்தின் பொறுப்புக்கு வந்துவிட்ட எதையும் ‘கேஸ் பிராப்பர்ட்டி’ என்கிறோம். கத்தி, பைக், செயின், சாராயக் கேன் எல்லாம் இதில் வரும். மாடும் ஆடும் நாயும் வரும். கேரள எல்லையோரக் களியக்காவிளை பக்கம் அளவுக்கு மீறி மாடு ஏற்றிய லாரி பிடிபட்டால், நீதிமன்றத்துக்குப் போகிற ‘படிவம் 95’ என்னும் சொத்துப் பட்டியலில் லாரி ஒரு வரி, மாடுகள் அடுத்த வரி. லாரியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிடலாம். மாட்டுக்கு அன்று மாலையே தண்ணீர் காட்ட வேண்டும். சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? நீதிமன்றத் தமிழில் வழங்குவது ‘வழக்குச் சொத்து’. விசாரணையில் நேரில் காட்டிக் குறியிடப்படும் பொருளுக்கு ‘சான்றுப் பொருள்’ என்று பெயர். தீர்ப்பில் அது சா.பொ.1, சா.பொ.2 என்று வரும். எல்லை தாண்டினால் கேரளத்தில் ‘தொண்டிமுதல்’. மலையாளம் அன்றாடம் காதில் விழும் விளவங்கோடு பக்கத்தில் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தொண்டி என்றதும் நினைவுக்கு வருவது திருட்டுப் பொருள்தான். சந்தையில் பணம் கொடுத்து வாங்கிய மாட்டை நெருக்கி ஏற்றியதற்காகப் பிடித்தால், அங்கே குற்றம் வதை, திருட்டு இல்லை. அதனால் தொண்டி இங்கே பொருந்தாது.

‘வழக்குடைமை’ என்பதே சரி என்பது எங்கள் கருத்து. வழக்கு என்ற சொல் வழங்குதல், நடைமுறை என்ற பொருளிலிருந்து நியாயம் கேட்கும் பிணக்கு என்ற பொருளுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி அரசனிடம் முறையிடும் பகுதிக்கே வழக்குரை காதை என்றுதான் பெயர். உடைமை தமிழ்ச்சொல், அரசுடைமை, பொதுவுடைமை என்று இன்றும் புதுச்சொற்களுக்கு இடம் தருகிறது. சொத்து என்பதை ‘ஸ்வத்வ’ என்ற வடசொல்லோடு சேர்க்கிறது தமிழ் லெக்சிகன். இதில் இன்னொன்றும் உண்டு. ‘மாடு’ என்ற சொல்லுக்கே பழந்தமிழில் செல்வம் என்று பொருள். கல்வியைத் தவிர மற்றவை ‘மாடல்ல’ என்கிறது 400ஆம் குறள். ஆங்கிலத்தில் ‘கேட்டில்’ என்பதும் முதல், மூலதனம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்ததே. மாட்டைச் சொத்தாகப் பார்க்கும் பழக்கம் சட்டத்தைவிட மூத்தது.

இனி நடைமுறை. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆம் பிரிவு, தேவையற்ற வலி உண்டாகும்படி விலங்கைக் கொண்டுசெல்வதைக் குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை, அச்சுப்பிழை இல்லை. எது அளவு மீறல் என்பதை 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் சொல்கின்றன: சரக்கு வண்டியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, தரையில் வழுக்காமல் கயிற்றுப்பாயோ பலகையோ விரிக்க வேண்டும், வேறு சரக்கு கூடாது, கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், பயணத்துக்கு ஏற்றது என்று கால்நடை மருத்துவர் சான்று தந்திருக்க வேண்டும். அபராதம் சொற்பம் என்பதால் இந்த வழக்குகளில் தண்டனையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சண்டை முழுவதும் மாடு யார் கையில் இருக்கும் என்பதில்தான்.

வழக்குடைமை ஆன விலங்குகளைப் பராமரிக்கவே 2017இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்படி, கைப்பற்றியவர் முதலில் அந்தப் பகுதி அரசு கால்நடை மருத்துவரைக் கொண்டு உடல்நிலையைப் பரிசோதித்து, அடையாளம் இட வேண்டும். காதில் எண் பொறித்த தோடு மாட்டலாம், சிப் வைக்கலாம், சூடு போடக்கூடாது.

பெரும்பாலான வழக்குகள் கெடுவது இந்த இடத்தில். கைப்பற்றுதல் மகஜரில், அதாவது பிடித்த இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில், ‘வெள்ளை மாடு 4, சிவப்பு மாடு 5’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து உரிமையாளர் வந்து நின்றால் எந்த மாடு எவருடையது என்று சொல்ல முடியாது. இடையில் ஒன்று செத்திருந்தால் செத்தது எது என்பதும் தெரியாது. ஒவ்வொரு மாட்டுக்கும் தனி வரி வேண்டும்: நிறம் (மயிலை, செவலை, காரி), கொம்பின் வடிவம், சுழி, தழும்பு, பல் (இரண்டு பல், நான்கு பல், எல்லாப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்தது), சினையா கறவையா, காதில் ஏற்கெனவே தோடு இருந்தால் அதன் 12 இலக்க எண். வண்டிக்குள் கட்டியிருந்த நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். இறக்கிய பிறகு எடுத்த படம் நெரிசலைக் காட்டாது. சினைமாட்டைக் குறிக்காமல் விட்டால், காவலில் ஈன்ற கன்று யாருக்கு என்று இன்னொரு பிணக்கு முளைக்கும்.

விலங்கை நீதிமன்றக் கூண்டருகே கொண்டுவந்து சா.பொ.1 என்று சீட்டு ஒட்ட முடியாது. இங்கேதான் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023இன் 497ஆம் பிரிவு உதவுகிறது. பொருள் முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாளுக்குள் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும், தேவையானால் வீடியோவும் எடுக்க வேண்டும். பட்டியல் ஆன 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 451ஆம் பிரிவில் இந்தக் கெடு இல்லை.

மாட்டைத் திரும்பக் கேட்பவர் குற்றவியல் நடுவரிடம் இடைக்காலப் பொறுப்பு கேட்டு மனு போட வேண்டும். சந்தை ரசீது, காப்பீட்டுத் தாள், தோட்டு எண் இவற்றில் இருப்பதை எல்லாம் இணைக்க வேண்டும். விற்கமாட்டேன், அறுக்கக் கொடுக்கமாட்டேன், கேட்கும்போது காட்டுவேன் என்று உறுதிமொழியும் வேண்டும். நடுவர் எதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் ஒரு பிஞ்சராபோல் (கால்நடைக் காப்பகம்) வழக்கில் சொன்னது: குற்றத்தின் தன்மை, முதல் குற்றமா, பிடித்தபோது விலங்கின் நிலை, மறுபடி வதைபட வாய்ப்பு உண்டா. முதல் வழக்கு என்றால் உரிமையாளரின் கோரிக்கைக்கு வலு அதிகம்.

செலவுதான் பலரும் எதிர்பாராத அடி. கோசாலையிலோ விலங்குநல அமைப்பிலோ விட்டால், பராமரிப்பு, வண்டிவாடகை, சிகிச்சை எல்லாவற்றுக்கும் நடுவர் ஒரு தொகை கணக்கிட்டு, குற்றம் சாட்டப்பட்டவரும் உரிமையாளரும் 3 நாளுக்குள் ஜாமீன்தாரர்களோடு பத்திரம் எழுதித்தரச் சொல்வார். பராமரிப்பவர் 15 நாளுக்கு ஒருமுறை ஆன செலவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வண்டியையும் ஈடாக நிறுத்திவைக்கலாம். பத்திரம் எழுதித்தராவிட்டால் மாடு கைவிட்டுப் போகும் என்கிறது அந்த 2017 விதி.

இதில்தான் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவோ, தண்டனை பெற்ற பிறகுதான் உரிமையைப் பறிக்கலாம் என்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. வழக்கு முடியும் முன்பே விலங்கைப் பறிப்பது சட்டத்துக்கு முரண் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, விதிகளைத் திருத்துங்கள், இல்லையென்றால் தடை விதிப்போம் என்றது. எனவே ‘வழக்குடைமை’ என்பதை ‘அரசு எடுத்துக்கொண்டது’ என்று யாரும் விளக்கினால் அது தவறு. உடைமை இன்னும் உரியவருடையதே. பொறுப்பு மட்டும் நீதிமன்றத்திடம்.

கூண்டில் அடைத்த பச்சைக்கிளிக்கு இது பொருந்தாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 39ஆம் பிரிவுப்படி, சட்டத்தை மீறி வைத்திருந்த வனவிலங்கு மாநில அரசின் சொத்து. பத்து வருடம் பழம் ஊட்டி வளர்த்தேன் என்று மனு போட்டாலும் கிளி திரும்பாது. அது அரசுடைமை.

வழக்கு முடிந்து எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை ஆனால், விலங்கும் பத்திரத் தொகையில் செலவாகாத மிச்சமும் எழுதித்தந்தவருக்குத் திரும்ப வேண்டும். சிகிச்சைக்கு அனுப்பிய விலங்கை நடுவர் குறித்த காலத்துக்குள் உரிமையாளர் வந்து கூட்டிப்போகாவிட்டால், மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி அதை விற்றுச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். மிஞ்சியது வேண்டுமென்றால் விற்ற நாளிலிருந்து 2 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.