பார்ஸ் என்றால் பகுத்தல்

யாமெல் (தரவை வரிவரியாக எழுதிவைக்கும் ஓர் உரை வடிவம்) கோப்பிலிருந்து நிரல் உருவாக்குபவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் ‘பார்ஸ்’. “கோப்பை பார்ஸ் பண்ணி ஆப்ஜெக்ட்டாக்கு, அப்புறம் டெம்ப்ளேட்டுக்குக் கொடு” என்போம். ஆப்ஜெக்ட் என்பது நிரல் கையாளக்கூடிய வடிவில் உள்ள தரவு, டெம்ப்ளேட் என்பது அந்தத் தரவை இட்டு நிரப்பும் அச்சு. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே ‘பார்ஸ்’ இலக்கண வகுப்பில் புழங்கிய சொல். லத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பகுதி. லத்தீன் படித்த பிள்ளைகளிடம் ஒரு சொல்லைக் காட்டி, இது பெயரா வினையா, எந்தப் பகுதி என்று ஆசிரியர் கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஆங்கில வினைச்சொல்.

தமிழில் ‘பாகுபடுத்தல்’, ‘பகுப்பாய்வு’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். முன்னதைக் கேட்டால் பாரபட்சம் நினைவுக்கு வருகிறது. பின்னது அனாலிசிஸுக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘பகுத்தல்’ என்பதே போதும், அதைச் செய்யும் நிரல் ‘பகுப்பி’ என்பது என் கருத்து. இது புதிதாகச் செய்த சொல்லும் இல்லை. நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணம் செய்வது இதே வேலையைத்தான்.

‘நடந்தனன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: நட + த் + த் + அன் + அன். நட பகுதி. முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம். அடுத்த த் இறந்தகால இடைநிலை. முதல் அன் சாரியை, கடைசி அன் விகுதி. இரண்டு அன்னும் எழுத்தில் ஒன்றுதான். எது என்ன என்பதை நிற்கும் இடம் சொல்கிறது. வெட்டுவதோடு வேலை முடிவதில்லை, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் வேலையைச் சொல்ல வேண்டும்.

யாமெல் பகுப்பியும் அப்படியே. வரியின் முன்னால் விட்ட இடைவெளியை வைத்து, எது எதற்குள் அடங்கும் என்று முடிவு செய்கிறது. மதிப்பின் வகையையும் அதுவே ஊகிக்கிறது, சிக்கல் அங்கேதான். ‘பதிப்பு: 1.10’ என்று எழுதினால் எண் என்று எடுத்துக்கொண்டு 1.1 ஆக்கிவிடும். யாமெலின் 1.1 என்ற பதிப்பு விதிப்படி நடக்கும் பையாமெல் (பைத்தான் மொழிக்கான யாமெல் பகுப்பி), நார்வேயின் நாட்டுக் குறியான ‘என்ஓ’வை (NO) ஆங்கில ‘நோ’, அதாவது ‘இல்லை’ என்று படித்து ஃபால்ஸ் (பொய் என்னும் மதிப்பு) ஆக்கும். கோப்பில் ஒரு வரிதான் பிழை. அந்த ஆப்ஜெக்ட்டிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு நிரல் கோப்பிலும் அது வந்து நிற்கும். இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், சரியாகிவிடும்.