எங்கே வாழ்வது, யாருடன் வாழ்வது: மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் உள்ள உரிமை

மாற்றுத்திறனாளி ஒருவருக்கோ நடமாட்டம் குறைந்த முதியவருக்கோ அன்றாட உதவி தேவைப்பட ஆரம்பித்ததும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, ‘இவரை எங்கே வைத்துக்கொள்வது?’ என்பதுதான். மகன் வீட்டிலா, மகள் வீட்டிலா, ஏதாவது இல்லத்திலா என்று பேச்சு நீளும். சம்பந்தப்பட்டவர் அடுத்த அறையில்தான் இருப்பார். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை அவருடையது என்று சர்வதேசச் சட்டமே சொல்கிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பர் 13 அன்று நிறைவேற்றியது. 2008 மே 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2007இலும், மலேசியா 2010இலும், சிங்கப்பூர் 2013இலும், இலங்கை 2016இலும் இதற்கு முறைப்படி ஒப்புதல் கொடுத்துவிட்டன. இதில் 19ஆம் பிரிவுதான் நம் விஷயம்.

அந்தப் பிரிவு மூன்று உரிமைகளைத் தருகிறது. எங்கே வசிப்பது, யாருடன் வசிப்பது என்பதை மற்றவர்களைப் போலவே மாற்றுத்திறனாளியும் தானே முடிவு செய்யலாம்; ‘நீ இங்கேதான் இருக்க வேண்டும்’ என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. இது முதல் உரிமை. அப்படி வாழ்வதற்குத் தேவையான உதவி, அதாவது வீட்டுக்கே வரும் சேவை, தங்குமிட வசதி, தனி உதவியாளர் போன்றவை கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஊரில் எல்லோருக்கும் உள்ள பேருந்து, மருத்துவமனை, நூலகம் போன்றவை அவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பது மூன்றாவது.

மூன்றும் ஒரே நாளில் வந்துவிடாது. இந்தப் பிரிவுக்கு, உடன்படிக்கையை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று கண்காணிக்கும் ஐநா குழு 2017இல் ஒரு விளக்கம் வெளியிட்டது. அதன்படி முதல் உரிமை உடனடியாகச் செல்லுபடியாவது. மற்ற இரண்டையும் அரசுகள் படிப்படியாக நிறைவேற்றலாம். ஆனால் அதற்கான திட்டத்தையும் நிதி ஒதுக்கீட்டையும் உடனே தொடங்கியாக வேண்டும். ‘சேவை இன்னும் வரவில்லை, அதுவரை இல்லத்தில் இருக்கட்டும்’ என்று ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அனுப்புவதற்கு இதில் இடமில்லை.

சரி, தற்சார்பாக வாழ வேண்டும் என்றால் குளிப்பது, சமைப்பது, வெளியே போவது எல்லாவற்றையும் உதவியில்லாமல் தானே செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. ‘தனியாகக் குளிக்கத் தெரியாதவர் எப்படித் தனியாக வாழ்வார்?’ என்று கேட்டுத்தான் பலரைக் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். சட்டம் பார்ப்பது, முடிவு யார் கையில் இருக்கிறது என்பதை. எப்போது எழுவது, எப்போது குளிப்பது, யார் குளிப்பாட்டுவது என்பதை அவர் தீர்மானித்தால், கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாதவரும் தற்சார்பாக வாழ்பவர்தான்.

அதனால்தான் தனி உதவியாளர் சேவைக்கு அந்த விளக்கம் அவ்வளவு இடம் கொடுக்கிறது. உதவித்தொகை ஆளுக்கு ஏற்ப, அவரவர் தேவையைக் கணக்கிட்டுத் தரப்பட வேண்டும். அந்தப் பணம் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும், வேலை சொல்லிக்கொடுப்பதும், மேற்பார்வை செய்வதும் அவரே. அவர் சம்மதம் இல்லாமல் ஒரே உதவியாளரை நான்கு பேருக்குப் பங்கிட்டு விடக் கூடாது. இது பெரிய ஏற்பாடாகத் தெரியலாம். ஆனால் ஒரு சட்டை மாட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்த கையை முதலில் சட்டைக்குள் விட்டு, தோள்வரை ஏற்றிவிட்டு, அப்புறம் நல்ல கையை விட்டால் சுலபமாக முடியும். மாற்றிச் செய்தால் தோளில் வலி எடுக்கும். தினம் ஒரு புது ஆள் வந்தால் இதைத் தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பேச்சு குழறுபவரென்றால் சொல்லவும் முடியாமல் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நான் இவ்வளவு முக்கியமாக நினைப்பது இதனால்தான்.

அதே விளக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 100 பேருக்கு மேல் தங்கும் பெரிய காப்பகம், 5 முதல் 8 பேர் இருக்கும் சிறு இல்லம், தனி வீடு என எதுவானாலும் சரி, காப்பகத்தின் குணங்கள் அங்கே இருந்தால் அதைத் தற்சார்பு வாழ்வு என்று சொல்ல முடியாது என்கிறது. யாருடன் தங்குவது என்ற தேர்வு இல்லாமை, விருப்பம் கேட்காத நேர அட்டவணை, எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்ய வைப்பது, அன்றாட முடிவுகளில் குரல் இல்லாமை ஆகியவை அந்தக் குணங்கள். பிள்ளைகளின் வீட்டில் எல்லா வசதியோடும் இருக்கும் ஒரு முதியவரை இரவு 8 மணிக்கே விளக்கை அணைத்துப் படுக்க வைத்தால், அந்த அறையும் காப்பகம்தான். அன்பினால் செய்கிறோம் என்பதால் அது மாறிவிடாது.

இந்தச் சிந்தனை மாற்றுத்திறனாளிகளின் போராட்டத்திலிருந்து வந்தது. அமெரிக்கரான எட் ராபர்ட்ஸ் 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மூச்சுவிடுவதற்கே இயந்திரத்தின் துணை வேண்டும். கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறை அவரை வேலைக்கு லாயக்கில்லாதவர் என்று சொல்லிப் படிப்புக்கான உதவியை முதலில் மறுத்தது. அவர் 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972இல் அவரும் நண்பர்களும் அங்கே தற்சார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள்; அதை நடத்தியவர்களும் மாற்றுத்திறனாளிகளே. 1975இல், அதே மறுவாழ்வுத் துறைக்கு அவர் இயக்குநரானார்.

முதியோருக்கென்று தனியாக ஐநாவில் இப்படி ஓர் உடன்படிக்கை இன்னும் இல்லை. ஆனால் 1991இல் ஐநா பொதுச்சபை ஏற்ற முதியோருக்கான 18 கொள்கைகளில் ஒன்று, முதியவர் முடிந்தவரை நீண்ட காலம் தன் வீட்டிலேயே வாழ முடிய வேண்டும் என்கிறது. அப்புறம், மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையில் வயது வரம்பு கிடையாது. நீண்டகாலக் குறைபாட்டோடு வாழும் 80 வயதுக்காரருக்கும் 19ஆம் பிரிவு பொருந்தும். ‘வயசானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவதால்தான் பல முதியவர்கள் தங்களுக்குரிய சேவையைக் கேட்பதே இல்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவரும் மறதிநோய் வந்தவரும் எப்படி முடிவெடுப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, அவர்களுக்கும் சட்டப்படி முடிவெடுக்கும் தகுதி உண்டு என்கிறது. முடிவெடுக்கத் தேவையான துணையை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. படம் காட்டிக் கேட்கலாம், அவசரப்படுத்தாமல் காத்திருக்கலாம், போக வேண்டிய இடத்துக்கு இரண்டு மூன்று முறை கூட்டிப்போய் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். அவருக்காக நாம் முடிவெடுப்பது வேறு, அவர் முடிவெடுக்கத் துணை நிற்பது வேறு.

எல்லாத் தேவைக்கும் ஆள்தான் வேண்டும் என்றும் இல்லை. கழிப்பறையில் ஒரு கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, வாசலில் ஒரு சாய்தளம் போதுமாக இருக்கலாம். சாய்தளத்துக்குப் பரவலாகப் பின்பற்றும் கணக்கு 1:12. அதாவது 6 அங்குல உயரப் படிக்கு 6 அடி நீளச் சாய்தளம். இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் தானே தள்ளிக்கொண்டு ஏறுபவருக்கு அது உதவாது. பின்னால் ஒருவர் தள்ள வேண்டிவரும்.

சேவை கேட்டு விண்ணப்பித்தால் பெரும்பாலும் மதிப்பீடு செய்ய ஒருவர் வருவார். பலர் இழப்பது இங்கேதான். ‘குளிக்க முடியுமா?’ என்று கேட்டால் மானத்துக்கு அஞ்சி ‘முடியும்’ என்று சொல்லிவிடுகிறோம். குளியலறைப் படியைத் தாண்டப் பத்து நிமிஷம் ஆகிறது, முதுகு தேய்க்க எட்டவில்லை, குளித்த பிறகு ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் சொல்லுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளை வைத்துப் பேசாமல், முடியாத நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வாரம் குறித்துவைத்த தாள் கையில் இருந்தால் இன்னும் நல்லது. மதிப்பீடு செய்ய வந்தவர் உங்கள் துணைக்கு இருப்பவரிடமே பேசிக்கொண்டிருந்தால், ‘என்னிடம் கேளுங்கள்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

கவனித்துக்கொள்பவரின் களைப்பையும் அதே இடத்தில் சொல்ல வேண்டும். வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களுக்குப் பயிற்சி, ஆலோசனை, நிதியுதவி, சில நாட்கள் மாற்றுப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான செலவில் அரசு உதவ வேண்டும் என்று உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு சொல்கிறது.

விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன மறுப்பின் மேல் முறையீடு செய்வது கஷ்டம். சேவை கிடைத்தவர்களும், உடல்நிலையோ வீட்டுச் சூழலோ மாறினால் மறுமதிப்பீடு கேட்கலாம்; முன்பு ஒதுக்கிய சேவை நேரமே தொடரட்டும் என்று இருந்துவிட வேண்டாம்.